கதவடைத்த ஆலயம்

இங்கிலாந்து நாட்டின் டார்பிஷயர்ப் பகுதியில், குன்றுகளுக்கிடையே ஈம் என்னும் சிற்றூர் ஒன்று உளது. ஈமம் என்னும் தமிழ்ச் சொல்லை அறிந்தார்க்கு இப்பெயர் ஒரு திகைப்பைத் தரலாம். இரண்டிற்கும் உறவு யாதுமில்லை. ஆயினும் அவ்வூரின் வரலாற்றைக் கேட்டபின் இவ்வொற்றுமை மனத்தை விட்டு அகல்வதில்லை.

ஊரின் நடுவே புனித லாரன்சின் பெயர் தாங்கிய ஆலயம் நிற்கின்றது. இங்கிலாந்துத் திருச்சபை நாடு முழுவதையும் பண்டே சேகரங்களாகப் பகுத்திருந்தது. சேகரத்தில் பிறந்தோர் அதன் ஆலயத்தில் ஞானஸ்நானம் பெற்றனர். அங்கேயே மணம் புரிந்தனர். இறந்தபின் அதன் முற்றத்திலேயே அடக்கம் செய்யப்பெற்றனர். இம்மூன்றையும் ஏட்டில் பதிதல் வேண்டும் என 1538ஆம் ஆண்டில் அரசாணை பிறந்தது. அதனால், தன் பெயரைத் தானே எழுத அறியாத உழவனும் ஏட்டில் இடம்பெற்றான். சிற்றூர் ஆலயங்களின் பெருஞ்செல்வம் பொற்கலங்களன்று, இவ்வேடுகளே எனலாம்.

ஈம் ஆலய முற்றத்தில் ஏறத்தாழ 1200 ஆண்டுப் பழமையுடைய கற்சிலுவை ஒன்று உண்டு. ஆலயச் சுவரில் 1775ஆம் ஆண்டின் சூரியக் கடிகாரமும் காணப்படும். ஆயினும், தொலைநாட்டார் அங்குச் செல்வது இவற்றைக் காண்பதற்காக மட்டுமன்று.

1665ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரைக் கொள்ளைநோய் வாட்டியது. அந்நகரிலிருந்து ஈம் ஊர்த் தையற்காரர் ஒருவருக்குத் துணிமூட்டை ஒன்று வந்தது என்றும், ஈரமாயிருந்த துணியை அவருடைய உதவியாளர் நெருப்பருகே விரித்து உலர்த்தினார் என்றும் கூறுவர். செப்டம்பர்த் திங்களில் அவ்வுதவியாளரே முதலில் மாண்டார். குளிர்காலத்தில் தணிந்த நோய், அடுத்த கோடையில் மீண்டும் மூண்டெழுந்தது.

அப்பொழுது சேகர குருவாக இருந்தவர் வில்லியம் மாம்பசன். முப்பது வயதும் நிரம்பாதவர். தாமஸ் ஸ்டான்லி என்பவரோ, திருச்சபையின் புதிய வழிபாட்டு ஒழுங்கை ஏற்க மறுத்ததனால் 1662இல் குருப்பணியை இழந்தவர். ஊராருள் பலர் அவரையே இன்னும் நம்பியிருந்தனர். கருத்தால் எதிரெதிரான இவ்விருவரும் ஒன்றுகூடி, 1666 ஜூனில் ஊராரிடம் மூன்று முடிவுகளை முன்வைத்தனர். இறந்தோரை அவரவர் குடும்பத்தாரே தத்தம் நிலத்தில் புதைத்தல் வேண்டும்; ஆலயத்தை அடைத்துவிட்டு, கக்லெட் என்னும் பள்ளத்தாக்கில் திறந்த வெளியில் விலகி நின்று வழிபடல் வேண்டும்; ஒருவரும் ஊரெல்லையைத் தாண்டலாகாது. ஆலய முற்றத்தில் அடக்கம் பெறுதலை அக்காலத்தார் எத்துணைப் பெரிதாகக் கருதினர் என்பதை அறிந்தால், முதல் முடிவின் கடுமையும் விளங்கும்.

ஊரார் உடன்பட்டனர். எல்லைக் கல்லில் குடைந்த குழிகளில் காடியை ஊற்றி, அதில் காசுகளை இட்டு வைத்தனர்; அயலூரார் உணவை அங்கே வைத்துவிட்டுக் காசை எடுத்துச் சென்றனர். டெவன்ஷயர்ப் பிரபுவும் உணவு அனுப்பி உதவினார். எலிசபெத் ஹான்காக் என்னும் பெண்மணி, ஆகஸ்டுத் திங்களில் எட்டே நாள்களுள் கணவனையும் மக்கள் அறுவரையும் தன் கையாலேயே மண்ணில் இட்டாள். மாம்பசன் தம் பிள்ளைகளை முன்னரே வெளியூருக்கு அனுப்பியிருந்தார். மனைவி கேத்தரினோ கணவரைப் பிரிய இசையவில்லை. ஆகஸ்டு 25ஆம் நாள் அவரும் உயிர் துறந்தார்.

நவம்பர் முதல் நாளோடு சாவு நின்றது. மாண்டோர் 260 பேர் என்பது நெடுநாளாக வழங்கும் கணக்கு.

செல்வர் சிலர் தொடக்கத்திலேயே ஊரைவிட்டு நீங்கினர் என்பதையும் மறைத்தல் கூடாது. மக்கள் அனைவரும் கலைந்து சென்றிருப்பின் அவ்வூரில் பலர் பிழைத்திருக்கக் கூடும் என வாதிடுவோரும் உளர். அவ்வாதம் புறக்கணிக்கத் தக்கதன்று. இந்நோயின் கிருமி 1894இலும், அதனை எலித்தெள்ளு பரப்பும் என்னும் உண்மை 1898இலுமே கண்டறியப்பட்டன. ஆகவே ஈம் ஊரார் மனிதரைத் தடுத்தனர். எலிகளைத் தடுக்க அறிந்திலர். இருப்பினும் அயலூர்களில் நோய் பரவவில்லை. தம் முகமறியாத அவ்வயலார்க்காகவே அவர்கள் அடைபட்டிருந்தனர்.

மாம்பசன் பின்னர் ஈக்ரிங் என்னும் ஊருக்குக் குருவாகச் சென்றார். நோயூரிலிருந்து வந்தவர் என்று அஞ்சிய மக்கள், அவரை முதலில் ஊருக்குள் விடத் தயங்கினர் என்பர்.

ஆண்டுதோறும் ஆகஸ்டுத் திங்களின் கடைசி ஞாயிறன்று ஈம் மக்கள் கக்லெட் பள்ளத்தாக்கில் கூடி வழிபடுவது வழக்கம். அந்நாள்களில் ஊர்க் கிணறுகளின் அருகே, நம் நாட்டுப் பூக்கோலம் போன்று, ஈரக் களிமண் பலகைகளில் மலரிதழ்களைப் பதித்துச் சித்திரம் அமைப்பர். ஆலய முற்றத்தில் உள்ள கேத்தரினின் கல்லறைமீது மலர்வளையம் ஒன்றும் வைப்பர்.