சராசரிச் சம்பளம் வாங்குகிறவர் யார்?

வெல்ச், மேற்கு வர்ஜீனியா
அக்டோபர்

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

நான் அமெரிக்கா கிளம்பும்போது, "பெரிய ஊர்களைப் பற்றி எல்லாரும் எழுதியாயிற்று. அங்கே கிராமத்தில் என்ன வேலை இருக்கிறது, என்ன கூலி கிடைக்கிறது, அதைப் பார்த்து எழுது" என்று சொன்னீர்கள். அதற்காகவே அப்பலாச்சியன் மலைக்குள் இருக்கும் மெக்டவல் கவுண்டிக்கு வந்திருக்கிறேன். கவுண்டி என்பது மாநிலத்துக்கு அடுத்தபடியான நிர்வாகப் பகுதி. மேற்கு வர்ஜீனியாவில் இப்படி 55 கவுண்டிகள். மெக்டவலுக்குத் தலைநகர் வெல்ச் என்ற இந்தச் சின்ன ஊர்.

டக் ஃபோர்க் ஆறும் எல்க்ஹார்ன் ஓடையும் கூடுகிற இடத்தில் ஊர் இருக்கிறது. இரண்டு பக்கமும் செங்குத்தான மலை. நடுவில் உள்ள கொஞ்ச இடத்தை ஆறும் ரயில் பாதையும் சாலையும் பங்கு போட்டுக்கொண்டது போக மிச்சத்தில்தான் வீடுகள். கடைத்தெருவில் நாலைந்து மாடிச் செங்கல் கட்டடங்கள் வரிசையாக நிற்கின்றன. பலவற்றில் ஆள் இல்லை. 1941-லேயே இங்கே நகராட்சி பல மாடி வாகன நிறுத்தகம் கட்டியிருக்கிறது. அந்தக் காலத்தில் சனிக்கிழமை சாயங்காலம் எவ்வளவு கூட்டம் வந்திருந்தால் அப்படி ஒரு தேவை எழுந்திருக்கும்! 1950 கணக்கெடுப்பில் இந்தக் கவுண்டியின் மக்கள்தொகை 98,887. 2020-ல் 19,111. எழுபது ஆண்டில் ஐந்து பேரில் நால்வர் குறைந்திருக்கிறார்கள்.

கூட்டத்தைக் கொண்டுவந்தது நிலக்கரி. நம் ஊர்த் துறைமுகத்தில் கரி இறங்குவதைப் பார்த்தே வளர்ந்த உங்களுக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். நம் அனல் மின் நிலையத்துக்கு வருவது கொதிகலனில் எரிக்கும் கரி. இங்கே வெட்டுவது வேறு ரகம். போகஹான்டஸ் என்று பேர்பெற்ற படுகையின் கரி இது. இதைக் காற்றில்லாமல் சுட்டு கோக் ஆக்கி, எஃகு ஆலையின் ஊதுலையில் போடுகிறார்கள். ரயிலில் நார்ஃபோக் துறைமுகத்துக்குப் போய் அங்கிருந்து கப்பல் ஏறுகிறது. அமெரிக்காவிடமிருந்து இந்த ரகக் கரியை அதிகம் வாங்கும் நாடுகளில் இந்தியாவும் ஒன்று. அதனால் நம் நாட்டில் எஃகு ஆலை வேகமாக ஓடுகிறதா, மெதுவாக ஓடுகிறதா என்பது இந்தப் பள்ளத்தாக்கில் ஒருவருக்கு அடுத்த மாதம் ஓவர்டைம் உண்டா இல்லையா என்பதையும் தொடுகிறது.

கரி தீர்ந்து ஜனம் போகவில்லை. இயந்திரம் வந்ததால் போனது. இரண்டாம் உலகப்போருக்குப் பின், கரியை வெட்டிக்கொண்டே பின்னால் அள்ளித் தள்ளும் இயந்திரங்கள் சுரங்கத்துக்குள் இறங்கின. சுரங்கத் தொழிலாளர் சங்கத் தலைவர் ஜான் எல். லூயிஸ் 1950-ல் முதலாளிகளோடு ஒப்பந்தம் போட்டபோது இயந்திரத்தை எதிர்க்கவில்லை. அதற்கு ஈடாக நல்ல கூலியும், வெட்டுகிற ஒவ்வொரு டன்னுக்கும் சங்கத்தின் நல நிதிக்கு ஒரு தொகையும் கேட்டு வாங்கினார். வேலையில் நின்றவர்களுக்கு அது பெரிய பாதுகாப்பு. ஆனால் நின்றவர்கள் கொஞ்சம். 1940-களின் கடைசியில் மாநிலம் முழுக்க 1,20,000-க்கு மேல் இருந்த சுரங்கத் தொழிலாளர்கள் 1960-களின் தொடக்கத்தில் 50 ஆயிரத்துக்கும் கீழே வந்துவிட்டார்கள். ஆள் குறைவு, கூலி அதிகம் என்ற அந்தக் கணக்குதான் இன்றும் இந்தக் கவுண்டியின் சம்பளப் பட்டியலை நடத்துகிறது.

அந்தப் பட்டியலுக்கு வருகிறேன். அமெரிக்காவில் ஒவ்வொரு முதலாளியும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, தன்னிடம் எத்தனை பேர் வேலை பார்க்கிறார்கள், மொத்தம் எவ்வளவு சம்பளம் கொடுத்தேன் என்று வேலையின்மைக் காப்பீட்டுக்காக மாநில அரசுக்குக் கணக்குக் கொடுக்க வேண்டும். அதைத் தொழில்வாரியாகப் பிரித்து, கவுண்டி கவுண்டியாகத் தொழிலாளர் புள்ளியியல் துறை வெளியிடுகிறது. சுரங்கம், கட்டுமானம், சில்லறை வணிகம், மருத்துவமும் சமூகப் பணியும், தங்கும் விடுதியும் உணவகமும், அரசு வேலை என்று வரிசை போகும். ஒவ்வொன்றுக்கும் நேரே எத்தனை வேலைகள், வாரச் சராசரிச் சம்பளம் எவ்வளவு என்று இருக்கும். நாட்டின் வேலைகளில் ஏறத்தாழ 95 சதவீதம் இதில் அடங்கிவிடும். இப்படி ஒரு கணக்கு நம் தாலுகாக்களுக்கும் இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று ஏங்கினேன் அண்ணாச்சி. ஆனால் அதை எப்படிப் படிப்பது என்று வெல்ச்சுக்கு வந்த பிறகுதான் விளங்கியது.

விடியுமுன் பெட்ரோல் பங்க்கில் காப்பி வாங்கப் போனால் சுரங்கத்து ஆட்களைப் பார்க்கலாம். சட்டையின் கையிலும் கால்சட்டையிலும் விளக்கொளி பட்டால் மின்னுகிற பட்டைகள் தைத்திருக்கும். இருட்டுக்குள் வண்டி ஓட்டுகிறவன் கண்ணில் ஆள் தெரிய வேண்டும் என்பதற்காக. நடுராத்திரி ஷிப்டை 'ஆந்தை' என்கிறார்கள். வேலைக்குப் புதியவர் 'சிவப்புத் தொப்பி'. 80 மணி நேரப் பயிற்சி முடித்து, தேர்வு எழுதி, குறைந்தது ஆறு மாதம் சிவப்புத் தலைக்கவசத்தோடு அனுபவசாலி ஒருவரின் பார்வையில் வேலை செய்த பிறகே கறுப்புக்கு மாற முடியும். மாநிலத்தில் சுரங்கத் தொழிலாளியின் சராசரி ஆண்டு ஊதியம் 80 ஆயிரம் டாலரைத் தாண்டும்.

அதே தெருவில் உணவகத்துக்கு வாருங்கள். மதியக் கூட்டம் கலைந்தபின் பரிமாறுகிற பெண் மூலை மேசையில் உட்கார்ந்து, முள்கரண்டியையும் கத்தியையும் காகிதத் துண்டில் வைத்துச் சுருட்டிச் சுருட்டி அடுக்கிக்கொண்டிருந்தார். இந்த மாநிலத்தில் 2016 முதல் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 8.75 டாலர். டிப்ஸ் வாங்கும் வேலை என்றால் முதலாளி கையிலிருந்து 2.62 டாலர் கொடுத்தால் போதும். டிப்ஸையும் சேர்த்து 8.75 வராவிட்டால்தான் குறையை அவர் ஈடு செய்ய வேண்டும். கரண்டி சுருட்டுகிற நேரத்தில் டிப்ஸ் தர எந்த வாடிக்கையாளரும் இல்லை. டிப்ஸ் இல்லாத வேலையில் குறைந்தபட்சக் கூலிக்கு வாரம் 40 மணி நேரம் ஆண்டு முழுக்க உழைத்தாலும் கிடைப்பது 18,200 டாலர். கடை, விடுதி வேலைகளில் பலருக்கு முழு 40 மணி நேரம் கிடைப்பதும் இல்லை.

இந்த இரண்டு வரிசைகளையும் கூட்டிச் சராசரி போட்டால் என்ன ஆகும்? புரிவதற்காக ஒரு கற்பனைக் கணக்கு. ஓர் ஊரில் மொத்தம் 100 வேலை. 20 பேருக்கு 85 ஆயிரம், 80 பேருக்கு 25 ஆயிரம். சராசரி 37 ஆயிரம். ஆனால் 37 ஆயிரம் வாங்குகிற ஒரு ஆள்கூட அந்த ஊரில் கிடையாது. இனி, கடை ஒன்று மூடி 25 ஆயிரம் வாங்கியவர்களில் 40 பேருக்கு வேலை போய்விட்டது என்று வையுங்கள். சராசரி 45 ஆயிரமாக ஏறிவிடும்! நாற்பது வீட்டில் வருமானம் நின்ற ஆண்டில், சம்பளம் உயர்ந்தது என்று காகிதம் சொல்லும்.

இது கற்பனையோடு நிற்கவில்லை. பக்கத்து கிம்பல் ஊரில் இருந்த வால்மார்ட் 2016 ஜனவரியில் மூடப்பட்டது. அந்த நிறுவனம் உலகம் முழுக்க 269 கடைகளை மூடிய நேரம் அது. இந்தக் கவுண்டியில் ஆள் அதிகம் வைத்திருந்த இடங்களில் அதுவும் ஒன்று. வேலை போனது மட்டும் இல்லை. மளிகைக்கும் மருந்துக்கும் மலைப்பாதையில் வெகுதூரம் போக வேண்டியதாயிற்று. குறைந்த சம்பள வேலைதானே என்று சொல்லலாம். ஆனால் அந்த வேலைக்கு ஐம்பது வயதுப் பெண் ஒருவர் போக முடிந்தது. சுரங்கத்துக்கு அவரால் போக முடியுமா?

அண்ணாச்சி, இங்கே நான் கற்றுக்கொண்டதில் முக்கியமானது இதுதான். ஒரு தொழிலில் சம்பளம் எவ்வளவு என்று கேட்டவுடன், அந்த வேலைக்குள் யார் நுழைய முடியும் என்றும் கேட்டாக வேண்டும். 2010-ல் வெல்ச்சில் மத்திய அரசின் சிறை திறந்தார்கள். நிலையான சம்பளம், மருத்துவக் காப்பீடு, ஓய்வூதியம் எல்லாம் உண்டு. ஆனால் மத்திய சிறைக் காவலர் வேலைக்கு 37 வயது ஆவதற்குள் சேர வேண்டும் என்பது பொதுவான விதி. நாற்பது வயதில் சுரங்கம் மூடி வெளியே வந்தவருக்கு அந்தக் கதவு பெரும்பாலும் சாத்தியே இருக்கிறது. இன்னொன்றும் உண்டு: பட்டியல் வேலையை அது நடக்கும் இடத்தில் எண்ணுகிறது. ஆளை அவர் குடியிருக்கும் இடத்தில் எண்ணுவதில்லை. சிறையிலோ சுரங்கத்திலோ வேலை பார்த்துவிட்டுப் பக்கத்துக் கவுண்டியில் உள்ள வீட்டுக்குத் திரும்புகிறவரின் சம்பளம் மெக்டவல் கணக்கில் ஏறும், செலவாவது அங்கே.

பட்டியலில் விட்டுப்போனவையும் உண்டு. ஒரு தொழிலில் ஒன்றிரண்டு நிறுவனங்களே இருந்தால், தனி நிறுவனத்தின் கணக்கு வெளியே தெரிந்துவிடக் கூடாது என்று அந்த எண்ணை மறைத்துவிடுகிறார்கள். சின்ன ஊர்களில் இப்படி மறைந்துபோகும் வரிசைகள் அதிகம். சொந்தத் தொழில் செய்கிறவர்களும் கணக்கில் இல்லை. ஹாட்ஃபீல்டு-மெக்காய் என்ற பெயரில் மலைக்குள் நாலுசக்கர மோட்டார் வண்டிப் பாதைகள் போட்டிருக்கிறார்கள். வெளியூர்க்காரர்கள் சேறு பூசிய வண்டிகளோடு வெல்ச் தெருவிலேயே வந்து போகிறார்கள். பழைய வீட்டைப் பழுது பார்த்து அவர்களுக்கு வாடகைக்கு விடும் தம்பதியரின் உழைப்பு அந்தப் பட்டியலில் எங்கும் வராது.

சம்பளமாக வராத பணமும் அப்படியே. முதியோர் ஓய்வூதியம், ஊனமுற்றோர் உதவித்தொகை, கரித்தூசியால் வரும் கருநுரையீரல் நோய்க்கான மாத உதவி என்று பல குடும்பங்கள் வாழ்வது அந்தப் பணத்தில்தான். தேசிய உணவுச் சீட்டுத் திட்டத்தின் முன்னோடித் திட்டம் தொடங்கியதே இந்த மண்ணில். கென்னடி பதவியேற்ற அதே ஆண்டு, 1961 மே 29-ல், 15 பேர் கொண்ட குடும்பத்துக்காக ஆல்டர்சன் மன்சி தம்பதியர் வெல்ச்சில் 95 டாலருக்குச் சீட்டு வாங்கினார்கள். அதைக் கொண்டு கடையில் முதலில் வாங்கியது ஒரு டப்பா பன்றியிறைச்சியும் அவரையும்.

கருநுரையீரலைப் பற்றி இன்னும் கொஞ்சம். மத்திய அப்பலாச்சியாவில் 25 ஆண்டும் அதற்கு மேலும் சுரங்கத்தில் உழைத்தவர்களில் ஐந்தில் ஒருவருக்கு இந்த நோய் இருப்பதாக 2018-ல் வந்த அரசு ஆய்வு சொல்கிறது. நல்ல தடிமனான படுகைகள் முடிந்துபோய், மெல்லிய படுகையை வெட்டும்போது மேலும் கீழும் உள்ள பாறையையும் சேர்த்து அறுக்க வேண்டியிருக்கிறது. அந்தப் பாறைத்தூளில் சிலிக்கா உண்டு. அது கரித்தூளைவிடக் கொடியது. 80 ஆயிரம் டாலர் என்ற எண்ணுக்கு எதிரே இந்தக் கழிவையும் எழுதாமல் அதை நல்ல சம்பளம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கடைசியாக அரசு வேலை. பள்ளிக்கூடங்கள் இப்படிப்பட்ட கவுண்டிகளில் பெரிய முதலாளிகள். 2018 பிப்ரவரி 22-ல் மேற்கு வர்ஜீனியாவின் 55 கவுண்டிகளிலும் ஆசிரியர்களும் பள்ளி ஊழியர்களும் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். சட்டப்படி அவர்களுக்கு அந்த உரிமையே கிடையாது. ஆனாலும் பேருந்து ஓட்டுநரும் சமையல்காரரும் ஆசிரியரும் ஒன்றாக நின்றார்கள். பள்ளியில் கிடைக்கும் சாப்பாட்டை நம்பியிருந்த பிள்ளைகள் பட்டினி கிடக்கக் கூடாது என்று முன்கூட்டியே உணவுப் பொட்டலம் கட்டினார்கள். ஒன்பது பள்ளி நாட்கள் போராடி, அரசு ஊழியர் எல்லாருக்கும் 5 சதவீத உயர்வு பெற்றார்கள். கிழவர்கள் இதைச் சொல்லும்போது, 1921-ல் வெல்ச் நீதிமன்றப் படிகளில் சுட்டுக் கொல்லப்பட்ட சிட் ஹாட்ஃபீல்டையும் சேர்த்தே சொல்கிறார்கள். சுரங்கத் தொழிலாளர் பக்கம் நின்ற காவல் தலைவர் அவர். இங்கே கூலி எந்தக் காலத்திலும் தானாக உயர்ந்ததில்லை.

ஆகவே, அண்ணாச்சி, நீங்கள் கேட்டதற்கு என் பதில் இது. மெக்டவலில் சராசரிச் சம்பளம் எவ்வளவு என்று யாராவது கேட்டால் நான் ஒரு எண்ணைச் சொல்ல மாட்டேன். சுரங்கத்தில் எவ்வளவு, சிறையில் எவ்வளவு, ஆஸ்பத்திரியில் எவ்வளவு, கடையில் எவ்வளவு என்று வரிசை வரிசையாகச் சொல்வேன். ஒவ்வொன்றிலும் எத்தனை பேருக்கு இடம் இருக்கிறது, எந்த வயதில், எந்தப் படிப்போடு, என்ன நோயை ஏற்றுக்கொண்டு அதில் சேரலாம் என்பதையும் சொல்வேன். நான் சொன்ன அந்தப் பட்டியல் சராசரியை மட்டும் அச்சிடுகிறது; அதிலேயே தொழிலுக்குத் தொழில் நடுவில் நிற்கிற ஆள் எவ்வளவு வாங்குகிறார் என்பதையும் கவுண்டிவாரியாக அச்சிட வேண்டும். அந்த ஒரு எண் கையில் இருந்தால், கடை மூடியதும் சம்பளம் ஏறியது என்று யாரும் பேச முடியாது. நம் சங்கக் கூட்டத்தில் மாவட்ட வருமானம் பற்றிப் பேச்சு வந்தால் இந்தக் கேள்விகளை நீங்களும் எழுப்புங்கள். உப்பளத்தில் நிற்கிறவரையும் மின் நிலையத்தில் இருக்கிறவரையும் கூட்டி வகுத்து ஒரு எண் சொன்னால், அது இருவரில் யாருடைய சம்பளமும் இல்லை.

பதில் எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் தம்பி