கொலைக்கு முந்தைய வருடங்கள்



சென்ற ஞாயிறு மாலை வாலிபர் ஐக்கியத்தில் வேதபாடம் முடிந்து தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது ஒரு பையன் என்னிடம் வந்து, "ஐயா, ஆட்டோ சங்கருக்குப் பிசாசு பிடித்திருந்ததா?" என்று கேட்டான். 2019இல் வெளிவந்த இணையத் தொடரை அவன் இப்போதுதான் கைபேசியில் பார்த்து முடித்திருக்கிறான். தான் பிறப்பதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே தூக்கிலிடப்பட்ட ஒருவனைப் பற்றிய கேள்வி அது. எனக்கோ ஜெபத்துக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. "ஆம் தம்பி, எல்லாம் சாத்தானுடைய கிரியைதான்" என்று சொல்லி முடித்துவிட்டேன். அவன் திருப்தியோடு போனான். அன்றிரவு எனக்குத்தான் உறக்கம் வரவில்லை. அவசரத்தில் சொன்ன பதிலுக்காகப் போதகன் கணக்குக் கொடுக்க வேண்டிய நாள் ஒன்று உண்டு. அதனால்தான் இந்த வாரத் தியானத்தை இதற்கென்று வைத்துக்கொண்டேன்.

கௌரிசங்கர் என்பது அவனுடைய இயற்பெயர். செய்தித்தாள்கள் அவனை 'அவன்' என்றே எழுதின. நானும் அப்படியே எழுதுகிறேன். இகழ்ச்சியாக எண்ண வேண்டாம். நம் சபைப் பிள்ளைகளை நான் எந்த உரிமையோடு அவன், இவன் என்கிறேனோ அந்த உரிமையோடுதான் எழுதுகிறேன். ஏனெனில் அவன் நம் பக்கத்துப் பிள்ளை. வேலூரிலிருந்து பாலாற்றைக் கடந்து காட்பாடிப் பக்கம் போனால் வருகிற காங்கேயநல்லூரில், 1950களின் நடுவில் பிறந்தவன். அதே ஊரில் 1906இல் பிறந்தவர் திருமுருக கிருபானந்த வாரியார். அவருடைய சொற்பொழிவுகளைக் கேட்டு வளர்ந்த பெரியவர்கள் நம் அயல் வீடுகளில் இன்றும் இருக்கிறார்கள். ஊர் மண்ணின்மேல் பழி போடுவோருக்கு அந்தக் கிராமம் ஒன்றும் உதவாது.

இளைஞனாக அவன் சென்னைக்குப் போனான். திருவான்மியூரில் பெரியார் நகர்ப் பக்கம் தங்கினான். முதலில் செய்தது பெயின்டர் வேலை. பிறகு ஆட்டோ ஓட்டினான். இதுவரை நம் வாலாஜாவிலிருந்தும் குடியாத்தத்திலிருந்தும் பேரணாம்பட்டிலிருந்தும் பிழைப்புத் தேடிப் போன எத்தனையோ பிள்ளைகளின் கதைதான் அது. அவர்களில் பெரும்பாலோர் மாதம் பிறந்தால் அம்மாவுக்குப் பணம் அனுப்பி, கிறிஸ்துமஸுக்கு ஊர் வந்து திரும்பியவர்கள். சங்கரின் வாழ்க்கையில் அந்தப் பாதை எந்த இடத்தில் பிரிந்தது என்று பார்த்தால், அங்கே பெரிய நாடகம் ஏதும் தென்படவில்லை. ஒரு சவாரிதான் தென்படுகிறது. கோவளம், மாமல்லபுரம் பக்கத்துக் கடலோரக் கிராமங்களில் காய்ச்சிய கள்ளச்சாராயம் நகரத்துக்குள் வர வேண்டியிருந்தது. அதற்கு வண்டி வேண்டும், வண்டியோட்டியும் வேண்டும். ஆள் ஏற்றினால் கிடைக்கும் கூலியைவிட இதில் கூலி அதிகம். சங்கர் ஏற்றினான்.

அந்தக் காலத்தை என் வயதுடையவர்கள் நினைத்துப் பார்க்கலாம். 1971இல் தளர்த்தப்பட்ட மதுவிலக்கு 1974இல் திரும்பி வந்தது. 1981இல் மீண்டும் தளர்ந்தது. 1987இல் சாராயக் கடைகள் மறுபடியும் மூடப்பட்டன. சட்டம் இப்படி முன்னும் பின்னும் நடந்துகொண்டிருந்த வருடங்களில் குடிப்பவர் குடித்துக்கொண்டுதான் இருந்தார். சரக்கை ஏற்றி வந்தவனை யாரும் பாவியாகப் பார்க்கவில்லை. குடிப்பவருக்கு அவன் வேண்டியிருந்தான், விற்பவருக்கும் வேண்டியிருந்தான். கண்ணை மூடிக்கொள்வதற்குக் கை நீட்டியவர்களுக்கு எல்லாரையும்விட அதிகமாக வேண்டியிருந்தான். அந்தச் சாராயப் பணத்திலிருந்து அடுத்த படியாக அவன் பெண்களை வைத்துத் தொழில் நடத்தத் தொடங்கினான். பெயின்டராக வந்தவன் சில வருடங்களில் அந்தப் பகுதியில் பணமும் ஆட்களும் செல்வாக்கும் உள்ளவன் ஆனான். அவனுடைய கையில் அப்போது இரத்தம் இல்லை.

கொலைகள் 1987, 1988ஆம் ஆண்டுகளில் நடந்தவை. ஓர் இளம்பெண்ணும் ஐந்து ஆண்களும் கொல்லப்பட்டார்கள். அவற்றை இங்கே விவரிக்கப் போவதில்லை. தொடர் எடுத்தவர்கள் வேண்டிய அளவுக்கு விவரித்துவிட்டார்கள். அந்த ஆறு பேருக்கும் தாய்மார் இருந்தார்கள் என்பதைமட்டும் அந்தப் பையனுக்குச் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. 1991 மே 31 அன்று செங்கல்பட்டு செஷன்ஸ் நீதிமன்றம் சங்கருக்கு மரண தண்டனை விதித்தது. மறு ஆண்டு உயர் நீதிமன்றமும், 1994 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தன. 1995 ஏப்ரல் 27 அன்று சேலம் மத்தியச் சிறையில் தூக்கிலிடப்பட்டான். அப்போது அவனுக்கு நாற்பது வயதளவு.

நான் அப்போது இறையியல் மாணவன். சங்கர் சிறையில் இருந்தபடியே ஏறக்குறைய 300 பக்கங்களில் தன் வாழ்க்கையை எழுதியிருந்தான். அதை நக்கீரன் இதழ் வெளியிட முற்பட்டபோது சிறைத்துறை தடுத்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1994 அக்டோபர் 7 அன்று வந்த அந்தத் தீர்ப்பைச் சட்டம் படிப்போர் இன்றும் படிக்கிறார்கள். எழுத்து வெளிவருமுன்பே அதைத் தடுக்கும் அதிகாரம் அரசுக்கோ அதிகாரிகளுக்கோ இல்லை என்றும், ஒருவருடைய அந்தரங்கத்துக்குக் காப்பு உண்டு என்றும் சொன்ன தீர்ப்பு அது. பல ஆண்டுகள் கழித்து அதை நானும் வாசித்தேன். சட்ட நுணுக்கங்கள் பாதி புரியவில்லை. ஆனால் மனுதாரர்கள் சொன்னதாக அதில் பதிவாகியிருக்கும் ஒரு செய்தி என்னைப் பிடித்து நிறுத்தியது. சங்கர் வீடு கட்டிப் புதுமனை புகுவிழா நடத்தியபோது பெரிய அதிகாரிகள் பலர் வந்திருந்தார்களாம். அதற்குப் புகைப்படங்களும் வீடியோவும் இருக்கின்றன என்று மனுவில் சொல்லியிருந்தார்கள்.

புதுமனை புகுவிழா. அந்தச் சொல்லைத் தாண்டிப் போக என்னால் முடியவில்லை. காரணத்தைச் சொல்கிறேன்.

பல வருடங்களுக்கு முன், ஆம்பூர்ப் பக்கத்தில் நான் ஊழியம் செய்த குருசேகரத்தில் ஒரு வாலிபன் இருந்தான். இதை அவனிடமும் அவன் தாயிடமும் கேட்டுக்கொண்டே எழுதுகிறேன். ஆயினும் பெயர் எழுதவில்லை. தகப்பன் தோல் ஷாப்பில் சுண்ணாம்புக் குழி வேலை செய்து, கைகால் வெடித்து, அறுபது வயதுக்குள் மரித்தவர். தாய் ஷூ கம்பெனியில் அப்பர் தைக்கிறவர். விடியற்காலையில் கம்பெனி பஸ் ஏறினால் இருட்டிய பிறகுதான் வீடு. பையனும் ஒரு வருடம் டேனரி டிரம்முக்குப் பக்கத்தில் நின்றான். தோலெல்லாம் அரிப்பு வந்தது. வேலையை விட்டான். தவணையில் ஆட்டோ எடுத்து, ஆம்பூர்ச் சாலையில் ஷேர் ஆட்டோ ஓட்டினான். திடப்படுத்தல் வகுப்பில் நான் கற்பித்த பிள்ளை. பாடல் குழுவில் நல்ல குரல்.

ஒரு வருடம் அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஒரு பூசணிக்காயை 5,000 ரூபாய்க்கு எடுத்தான். சபை முழுவதும் கை தட்டியது. நானும் தட்டினேன். சுற்றுச்சுவர்க் கட்டுமானம் பாதியில் நின்றிருந்த வருடம் அது. ஷேர் ஆட்டோவில் தலைக்குப் பத்து ரூபாய் வாங்குகிறவனிடம் ஒரு பூசணிக்காய்க்கு ஐயாயிரம் எங்கிருந்து வந்தது என்ற கணக்கு அன்றைக்கே என் மனதில் ஓடியது. ஓடவில்லை என்று சொன்னால் பொய். மறுநாள் ஒரு மூப்பரிடம் பேச்சுவாக்கில் கேட்டேன். "அரிசி ஏத்துறான் ஐயா, ரேஷன் அரிசி. எல்லாரும் பண்றதுதானே" என்றார். அட்டைதாரர்களிடம் மலிவாக வாங்கின அரிசி பேரணாம்பட்டு வழியாக ஆந்திராவுக்குப் போகிறது என்பது ஊரறிந்த சங்கதி. அதை நம்மூரில் யார் பாவம் என்று சொல்கிறார்கள்? நானும் சொல்லவில்லை.

இரண்டு வருடங்களில் ஆட்டோ வேன் ஆயிற்று. ஓட்டு வீடு தளம் போட்ட வீடு ஆயிற்று. வீட்டுப் பிரதிஷ்டைக்கு என்னை அழைத்தார்கள். புது டைல்ஸில் கால் வழுக்கியது. அந்தத் தாய் என் கையைப் பிடித்துக்கொண்டு ஒவ்வோர் அறையாகக் காட்டினார். அவர் முகத்தில் இருந்த மகிழ்ச்சியை இப்போதும் மறக்க முடியவில்லை. சமையலறையில் மட்டும் குரலைத் தாழ்த்தி, "ஐயா, ராத்திரில போன் வருது, உடனே கிளம்பிடுறான். எங்கேன்னு கேட்டா கோபம் வருது. நீங்க ஒரு வார்த்தை கேளுங்க" என்றார். கேட்கிறேன் அம்மா என்றேன். பிறகு ஜெபம் செய்தேன், ஆசீர்வதித்தேன், பிரியாணி சாப்பிட்டேன், எல்லாரும் சேர்ந்து படம் எடுத்துக்கொண்டோம். வெளியே வந்தபோது அவன் காணிக்கை உறையை என் கையில் வைத்து வணங்கினான். அவன் கண்கள் சிவந்திருந்தன, முகம் வாடியிருந்தது. கேட்க வேண்டிய நேரம் அதுதான். விருந்தாளிகள் நிற்கிறார்கள், இன்னொரு நாள் தனியாக அழைத்துக் கேட்கலாம் என்று எண்ணினேன். அந்த இன்னொரு நாள் வரவில்லை. ஆந்திராவில் செம்மரம் ஏற்றிய வண்டியில் பிடிபட்டான். ஓடும்போது அந்த வண்டி மோதியதில், சாலையோரம் சைக்கிளில் போன ஒரு முதியவர் இறந்துபோனார்.

அந்தப் படம் என்னிடம் இருக்கிறது. நடுவில் நிற்கிறவன் நான், வெள்ளை அங்கியில். சங்கரின் வீட்டுக்குப் போன அதிகாரிகளைப் பற்றி வாசித்தபோது, அவர்களை நியாயந்தீர்க்க எனக்கு வாய் வரவில்லை.

ஆதியாகமம் நான்காம் அதிகாரத்தை இந்த வாரம் பலமுறை வாசித்தேன். காயீன் கொலை செய்த பின்பு கர்த்தர் அவனிடம் கேட்ட கேள்வி நம் எல்லாருக்கும் மனப்பாடம். கொலைக்கு முன்னும் கர்த்தர் அவனிடம் வந்து கேட்டார் என்பதை நாம் வேகமாகக் கடந்துவிடுகிறோம். ஏன் எரிச்சல், ஏன் முகம் வாடியது என்று முகத்தைப் பார்த்து விசாரித்தார். பாவம் வாசற்படியில் இருக்கிறது என்று எச்சரித்தார். அந்த இடத்தில் எபிரெயத்தில் வருகிற சொல், விலங்கு படுத்துக் கிடப்பதைக் குறிக்கும் சொல் என்று எங்கள் ஆசிரியர் கற்பித்தார். படுத்துக் கிடக்கிற விலங்கு இன்னும் பாயவில்லை. வீட்டுக்காரன் நினைத்தால் கதவை அடைக்க நேரம் இருக்கிறது. காயீன் கேட்கவில்லைதான், ஆனால் கேட்பதற்கு ஒரு குரல் அவனிடம் வந்தது. திருவான்மியூரில் அந்தப் பத்து வருடங்களில், சங்கரின் முகத்தைப் பார்த்து அப்படிக் கேட்ட ஒருவராவது இருந்திருப்பாரா என்று எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

அவனுடைய குற்றத்தை ஊரார்மேல் பங்கு போட்டு நான் குறைக்கப் பார்க்கிறேன் என்று யாரும் எண்ண வேண்டாம். ஆறு பேரைக் கொன்றவன் அவன். அவனும் அவனுடைய கூட்டாளிகளும். ஆயினும் நம் பாலாற்றைப் பாருங்கள். தோல் கழிவுகளைப் பற்றி 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோது, இத்தனை தொழிற்சாலைகளில் ஆற்றைக் கொன்றது எது என்று ஒன்றை மட்டும் காட்ட யாராலும் முடியவில்லை. ஒவ்வொருவரும் தம் வாய்க்கால் சிறியது என்றே சொன்னார்கள். அந்தத் தண்ணீரில் சம்பாதித்த பணமும் நம் ஆலயங்களின் காணிக்கைப் பைகளில் விழுந்திருக்கிறது. அதையும் நாம் எண்ணியதுண்டு, எங்கிருந்து என்று கேட்டதில்லை.

ஆகவே அந்தப் பையனுக்கு நான் மாற்றிச் சொல்ல வேண்டிய பதில் இது. தம்பி, பிசாசைப் பற்றி நீ கேட்டது தவறான கேள்வி இல்லை. ஆனால் தொடரில் முதல் கொலை வருகிற இடத்திலிருந்து பார்க்காதே. அதற்கு முன்னால், முதல் சாராயப் பொதியை ஏற்றின இடத்திலிருந்து பார். அங்கே நிற்கிறவனுக்கு உன் வயதுதான் இருக்கும். அவனைச் சுற்றி நிற்கிறவர்களையும் எண்ணிப் பார். அவர்களில் என்னைப் போன்றவர்கள் இருப்பார்கள்.

எங்கள் பிள்ளை தண்டனை முடிந்து வருகிற வெள்ளிக்கிழமை விடுதலையாகிறான். நம் சபையில்தான் இருக்கப் போகிறான், ஏனென்றால் அவன் தாய் இப்போது இந்த ஊரில் தம் மகள் வீட்டில் இருக்கிறார். சென்ற வாரம் அவர் என்னிடம் வந்து, "பாட்டுக்குழுவெல்லாம் வேண்டாம் ஐயா, கடைசி பெஞ்சுல உக்கார விடுவாங்களா?" என்று கேட்டார். கமிட்டியில் இரண்டு கருத்து இருக்கிறது. இறந்துபோன முதியவரின் குடும்பத்துக்கு நாம் என்ன செய்தோம் என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. அதை முதலில் அவனோடு உட்கார்ந்து பேச வேண்டும்.

காலை நான்கு மணிக்குப் போதகர் இல்லத்திலிருந்து புறப்படுகிறேன். வண்டியில் இன்னும் இரண்டு பேருக்கு இடம் இருக்கிறது.