நாலு தந்தியும் ஒரு கம்பளிச் சட்டையும்

இந்த ஆண்டுப் பொங்கல் விழா முடிந்து பந்தியில் உட்கார்ந்திருந்தபோது, நம் சங்கத்து நண்பர் ஒருவர் என்னை மிகுந்த இரக்கத்தோடு பார்த்து, "ஏம்ப்பா, உன் கிதாரில் நாலு கம்பிதானே இருக்கிறது? மீதி இரண்டையும் விற்றுச் சாப்பிட்டுவிட்டாயா?" என்று கேட்டார். பக்கத்து இலைக்காரர்கள் சிரித்தார்கள். வாயில் சர்க்கரைப் பொங்கல் இருந்தபடியால் அப்போது என்னால் பதில் சொல்ல முடியவில்லை. மலர் ஆசிரியர் ஒரு கட்டுரை கேட்டதும், அந்தப் பதிலையே எழுதிவிடலாம் என்று தோன்றியது.

நண்பர்களே, அது கம்பி குறைந்த கிதார் அல்ல. அதன் பெயர் பேஸ் கிதார். சாதாரணக் கிதாரின் தடித்த நான்கு தந்திகளுக்கு ஒரு ஸ்தாயி கீழே ஒலிப்பது. அதன் மிகத் தாழ்ந்த தந்தி நொடிக்கு 41 முறை அதிர்கிறது. அதற்கு முன்னால் இந்த வேலையை ஆள் உயரத்துக்கு ஒரு மரவாத்தியம் செய்துகொண்டிருந்தது. அதைத் தூக்கிக்கொண்டு ரயில் ஏறுவது ஒரு பாடு. ஏறி இறங்கி மேடைக்குப் போனால் டிரம்ஸ் சத்தத்தில் அது யார் காதிலும் விழாது என்பது இன்னொரு பாடு. 1951இல் அமெரிக்காவில் லியோ ஃபெண்டர் என்பவர் 34 அங்குலத் தந்தி நீளமும், வீணைக்கு இருப்பதுபோல் மெட்டுகளும், கீழே காந்தச் சுருளும் வைத்து ஒரு மின்சார பேஸை விற்பனைக்குக் கொண்டுவந்தார். மெட்டு இருப்பதால் ஸ்வரம் துல்லியமாக விழும். ஆகவே 'பிரிசிஷன்' என்று பெயர் வைத்தார். அவருக்கு முன்பே 1930களில் சியாட்டில் நகரத்தில் பால் டட்மார்க் இப்படி ஒன்றைச் செய்து பார்த்தார். ஆனால் அது பரவவில்லை. இன்று கடைகளில் தொங்கும் பேஸ்களில் பெரும்பாலானவை ஃபெண்டரின் பிரிசிஷனுக்கோ, 1960இல் வந்த அவருடைய ஜாஸ் பேஸுக்கோ ஏதோ ஒரு முறையில் உறவு.

எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்த கதை வேறு. எங்கள் ஊர் தூத்துக்குடி. என் மாமா அங்கே மைக் செட் வைத்திருக்கிறார். கொடை, கல்யாணம், காதுகுத்து எதுவானாலும் அவருடைய குழாய் ஸ்பீக்கர்கள் பனைமரத்தில் ஏறிவிடும். இளையராஜாவின் பாட்டுகளையெல்லாம் நான் அந்தக் குழாய் வழியாகவேதான் கேட்டு வளர்ந்தேன். நான் எட்டாம் வகுப்புப் படிக்கும்போது மாமா கடன் வாங்கிப் பெரிய பெட்டி ஸ்பீக்கர்கள் வாங்கினார். அன்று இரவு அதே பாட்டுகளைப் போட்டுக் காட்டினார். பாட்டுக்கு அடியில் இன்னொரு பாட்டு ஓடிக்கொண்டிருந்தது! இத்தனை வருஷமாக அது அங்கேயே இருந்திருக்கிறது. குழாய்க்கு அது தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. அந்த இரண்டாவது பாட்டை வாசிப்பது யார் என்று மாமாவை நச்சரித்ததில்தான் பேஸ் என்ற சொல்லை முதலில் கேட்டேன்.

தில்லிக்கு எம்.எஸ்ஸி. பௌதிகம் படிக்க வந்த முதல் பருவத்தில், விடுதியைக் காலி செய்துகொண்டு போன ஒரு மாணவர் தமது பேஸை 9,000 ரூபாய்க்கு விற்கப் போவதாக அறிவித்தார். பள்ளிப் பிள்ளைகளுக்கு டியூஷன் சொல்லிச் சேர்த்ததில் என்னிடம் 6,000 இருந்தது. மீதி 3,000? அந்த வாரம்தான் அம்மா, "அங்க குளிரு கொல்லுமாமே, நல்ல கம்பளிச் சட்டையா வாங்கிப் போட்டுக்கய்யா" என்று சொல்லி அனுப்பியிருந்தாள். சரியாக 3,000. அம்மா தீப்பெட்டி ஆபீசில் ஒட்டிச் சேர்த்த காசு அது. ஒரு ராத்திரி முழுவதும் தூங்காமல் புரண்டேன் என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் காலையில் போய் வாங்கிவிட்டேன். "வாங்கிட்டேம்மா" என்று தொலைபேசியில் சொன்னேன். எதை என்று சொல்லவில்லை.

வாங்குகிறவர்களுக்குச் சில விஷயங்கள் சொல்வேன். அழகைப் பார்க்காதீர்கள். முதலில் வாத்தியத்தைத் தோளில் மாட்டி நின்றபடி அரைமணி நேரம் வாசித்துப் பாருங்கள். நாலு கிலோ என்பது கடையில் ஒரு எடை, மேடையில் வேறு எடை. கையை எடுத்தால் கழுத்துப் பக்கம் தரையை நோக்கிச் சாய்கிறதா என்று கவனியுங்கள். சாய்ந்தால் உங்கள் இடது கை வாசிக்காது, தூக்கிக்கொண்டுதான் இருக்கும். ஒரு தந்தியை முதல் மெட்டிலும் கடைசி மெட்டுப் பக்கமும் ஒரே சமயம் அழுத்தினால் நடுவில் ஒரு காகிதம் நுழையும் அளவு இடைவெளி வேண்டும். அதிகமானால் கழுத்து வளைந்திருக்கிறது. உள்ளே ஓடும் இரும்புக் கம்பியைக் கால் திருகு திருகினாலே பெரும்பாலும் சரியாகிவிடும். வீரம் காட்டி முழுத் திருகு திருகக்கூடாது. ஜாஸ் வகையில் இரண்டு பிக்கப்புகளையும் சமமாகத் திறந்தால் இரைச்சல் ஒன்றை ஒன்று அடித்துக்கொள்ளும். ஒன்றைக் குறைத்தால் குழல்விளக்கின் உறுமல் வந்துவிடும். பிரிசிஷனில் 1957 முதல் சுருளே இரண்டாகப் பிளந்து வைக்கப்பட்டிருப்பதால் அந்தத் தொல்லை இல்லை. என்னுடையது பிரிசிஷன் ஜாதி. உள்ளே பாட்டரி கிடையாது. பாட்டரி உள்ளவற்றில் ஒயரைச் செருகியபடியே விட்டுத் தூங்கிவிட்டால் மறுநாள் கச்சேரியில் ஊமை.

பேஸோடு 25 வாட் ஆம்ப்ளிபயர் ஒன்றும் இனாமாக வந்தது. 8 அங்குல ஸ்பீக்கர். என் விடுதி அறையில் அதைப் போட்டதும், ஆகா, என்ன கம்பீரம்! அதிலும் மூன்றாம் மெட்டில் ஜி வாசித்தால் சன்னல் நடுங்கும். அறைத் தோழனின் தேநீரில் அலை எழும். பாட்னாக்காரனான அவன் ஒரு மகான், ஒன்றும் சொல்லவில்லை. என் விரலின் மகிமை என்றே நினைத்திருந்தேன். பௌதிகம் படிக்கிறவனுக்குப் பிற்பாடுதான் புத்தி வந்தது. அறையின் நீளம் மூன்றரை மீட்டர். அப்படிப்பட்ட அறை தானாகவே முழங்கும் ஸ்வரம் ஏறத்தாழ 49 ஹெர்ட்ஸ். மூன்றாம் மெட்டு ஜியும் 49 ஹெர்ட்ஸ்தான். வாசித்தது நான் அல்ல, அறை.

இது புரியாமல் சென்ற ஆண்டுப் பொங்கலுக்கு அந்த ஆம்ப்ளிபயரைத் திறந்தவெளிப் புல்தரைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். டிரம்ஸ், இரண்டு கிதார், கீபோர்டு, பாட்டு. முதல் பாட்டில் என் சத்தம் எனக்கே கேட்கவில்லை. வால்யூமைத் திருகினேன். கேட்கவில்லை. பேஸ் என்று எழுதியிருந்த குமிழை முடிந்தவரை திருகினேன். ஒரு சத்தம் வந்தது. அது இசை அல்ல. எருமை இருமுவதுபோல் ஒன்று. பிறகு 'பட்' என்று ஸ்பீக்கர் கிழிந்தது. மீதி நாலு பாட்டுக்கும் மேடையில் நின்று தலையாட்டிக்கொண்டிருந்தேன். பாடகர் மூன்றாம் பாட்டில் சுருதியை விட்டு நழுவினார். பிடித்து நிறுத்த அடியில் யாரும் இல்லை. ஜனங்கள் எழுந்து சாப்பிடப் போனார்கள். இரவு அறைக்கு வந்து, மூவாயிரத்தை நினைத்து, போர்வைக்குள் அழுதேன். குளிரும் ஒரு காரணம்.

காரணத்தை யோசித்தால் எல்லாம் வெட்டவெளிச்சம். 41 ஹெர்ட்ஸ் ஒலியின் அலை நீளம் எட்டு மீட்டருக்கு மேல். சுவர் இல்லாத இடத்தில் அந்த அலையைத் தாங்கித் திருப்பித்தர எதுவும் இல்லை. நம் காதும் ஓரவஞ்சனை உள்ளது. உயர்ந்த ஒலியும் தாழ்ந்த ஒலியும் ஒரே சத்தமாகக் கேட்கவேண்டுமானால் தாழ்ந்ததற்குப் பன்மடங்கு சக்தி தரவேண்டும் என்று பிளெட்சரும் மன்சனும் 1933லேயே அளந்து காட்டினார்கள். சக்தியை இரட்டித்தால் கிடைப்பது 3 டெசிபெல். 'இரண்டு மடங்கு சத்தம்' என்று காது ஒப்புக்கொள்ளச் சுமார் 10 டெசிபெல் வேண்டும்; அதாவது பத்து மடங்கு சக்தி. என் 25 வாட் 250 வாட் ஆகியிருக்கவேண்டும். 1969இல் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவினர் பெரும் அரங்குகளில் வாசிக்கப் புறப்பட்டபோது ஆம்பெக் கம்பெனி 300 வாட் வால்வு ஆம்ப்ளிபயர் ஒன்றைச் செய்து கொடுத்தது. அதன் பெட்டியில் எட்டு ஸ்பீக்கர்கள். தூக்க இரண்டு ஆள். இன்றைக்கு 'கிளாஸ் டி' என்ற முறையில் 500 வாட் தருவது மூன்று கிலோவுக்குள் அடங்கிப் புத்தகப் பையில் வருகிறது. விலைதான் நம் பைக்குள் அடங்காது.

மாமாவுக்குத் தொலைபேசினேன். முழுக் கதையும் கேட்டு (சட்டை விஷயம் நீங்கலாக) அவர் சிரித்தார். "மருமவனே, உனக்குக் கேக்க ஒண்ணு, ஊருக்குக் கேக்க ஒண்ணு. ரெண்டையும் ஒரே பொட்டில போட்டா பொட்டி கிழியாம என்ன செய்யும்?" என்றார்.

அந்த ஒரு வாக்கியத்தில்தான் எல்லாம் இருக்கிறது. இந்த ஆண்டு அப்படியே செய்தேன். ஸ்பீக்கரை மட்டும் மாற்றிய அதே 25 வாட் பெட்டி எனக்கு மட்டும். நாற்காலிமேல் சாய்த்துக் காதைப் பார்த்து வைத்தேன். ஜனங்களுக்கு, பேஸிலிருந்து டி.ஐ. பெட்டி என்ற சின்னக் கருவி வழியாக நேரே மிக்ஸருக்கு. அங்கிருந்து வாடகைக்கு வந்த 18 அங்குலப் பெட்டிகளுக்கு. அந்தப் பெட்டிகளைத் தரையில், கட்டடச் சுவரை ஒட்டி வைக்கச் சொன்னேன். தரையும் சுவரும் இனாமாக உதவி செய்யும். குமிழ்களில் அடியைக் குறைத்து நடுவை ஏற்றினேன். அறையில் கேட்டால் மூக்கடைத்தவன் பேச்சுப் போல் இருக்கும். டிரம்ஸுக்கு நடுவே அதுதான் துலங்கும். ஆம்ப்ளிபயரின் சத்தத்தை இரண்டு தடவை கூட்டக் கை போயிற்று. கையை அடக்கினேன்.

ஒரு விஷயத்தில் மட்டும் வேடிக்கை இல்லை. ஜெனரேட்டர் மின்சாரத்தில் எர்த் இருக்கிறதா என்று பாருங்கள். தந்திகள் ஆம்ப்ளிபயரின் எர்த்தோடு சேர்ந்தவை. மைக் வேறோர் எர்த்தோடு சேர்ந்தது. இரண்டுக்கும் இடையில் மின்னழுத்தம் இருந்தால், தந்தியைப் பிடித்துக்கொண்டு மைக்கில் உதட்டை வைப்பவனே ஒயர். மூன்று முள் பிளக்கில் ஒரு முள்ளை ஒடித்துச் செருகும் சாமர்த்தியசாலி யாராவது வந்தால் மேடையிலிருந்து இறக்கிவிடுங்கள்.

அன்று ராத்திரி குளிர் ஏழு டிகிரி. சூடான அறையிலிருந்து வந்த தந்தி குளிரில் சுருங்கிச் சுருதி ஏறும். ஆகவே இருபது நிமிஷம் வாத்தியத்தை மேடையிலேயே வைத்திருந்து பிறகு சுருதி கூட்டினேன். விரல் நுனி மரத்துவிட்டது. ஆனால் முதல் பாட்டின் இரண்டாவது அடியில் டிரம்ஸ்காரன் திரும்பி என்னைப் பார்த்தான். போன வருஷம் அவன் ஒரு முறைகூடத் திரும்பவில்லை. நாலாம் பாட்டில் முன்வரிசையில் முதல் வருஷப் பிள்ளைகள் எழுந்து ஆடினார்கள். எதற்காக ஆடுகிறோம் என்று அவர்களுக்குத் தெரியாது. பந்தியில் என்னைக் கேலி செய்தாரே, அந்த நண்பரும் ஆடினார், நான் பார்த்தேன்.

மறுநாள் வீடியோவை அம்மாவுக்கு அனுப்பினேன். தூத்துக்குடியில் அவள் கையில் இருப்பது சின்ன செல்போன். அதன் ஸ்பீக்கர் ஒரு ரூபாய்க் காசு அகலம்கூட இராது. சில நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழே அதற்கு வாயே கிடையாது. மாமாவின் பழைய குழாய்தான் இப்போது எல்லார் பையிலும் இருக்கிறது.

"பாத்தேன்யா. எல்லாரும் வாசிக்காங்க, நீ மட்டும் சும்மா நிக்க?" என்றாள்.

காதில் மாட்டிக் கேட்கும்படி தங்கையிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் கழித்து அம்மாவே திரும்பக் கூப்பிட்டாள். கேட்டதாம். "நெஞ்சுக்குள்ள தும்தும்னு, அதுவா நீ?" என்றாள். அதுதான் என்றேன். பேசாமல் இருந்தாள். பிறகு கேட்டாள்:

"அவ்வளவு பனியில வெறுஞ்சட்டையோட நிக்கியே, அந்தக் கம்பளிச் சட்ட எங்க? போன வருசத்துலேருந்து ஒரு போட்டோலயும் பாக்கலயே. என்ன கலருய்யா அது?"

அந்தச் சமயம் பார்த்து லைன் அறுந்துவிட்டது என்று எழுதத்தான் ஆசை. அறுகவில்லை.