உப்புக்காற்றும் சுவர்ப்படங்களும்

யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைப் பாலத்தைக் கடந்து செல்லச் செல்ல, வீதியின் இருமருங்கும் கடலே துணையாக வரும். வேலணை, புங்குடுதீவு தாண்டிக் குறிகட்டுவான் துறையை அடைந்தால் நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் படகேறலாம். நாகபூசணி அம்மனைத் தரிசிக்கச் செல்வோர் பலர். நெடுந்தீவின் கட்டைக் குதிரைகளைக் காணச் செல்வோர் சிலர். அவ்வூர்களின் வீட்டுச் சுவர்களை உற்றுநோக்குவோர் மிகக் குறைவு.

விறாந்தையிலே மூதாதையரின் புகைப்படங்களும், சுவாமியறையிலே இலக்குமி, சரசுவதி அச்சுப்படங்களும் தொங்குவது பழைய வழக்கம். 1894இல் இரவிவர்மா பம்பாயில் நிறுவிய அச்சகமே இத்தகைய படங்களை எளியோர் இல்லங்களுக்கும் உரியனவாக்கிற்று. தீவகத்தில் இவற்றுக்குப் பெரும்பகை முதுமையன்று, பின்னாலுள்ள சுவரே.

நெடுந்தீவில் வேலிகூட முருகைக்கல் அடுக்கிய மதில்தான். பழைய வீடுகளும் அக்கல்லாலும் சுண்ணாம்பாலும் எழுந்தவை. நுண்துளை மலிந்த அக்கல், உப்புப் பிடித்தபின் காற்றின் ஈரத்தை விடாது உறிஞ்சும். மார்கழி வாடையிலே சுவரே வியர்க்கும். அதிற் சாய்ந்த படம் முதுகுப்புறமாக நனைகின்றது. சோளகக் காலத்திலோ உப்பும் புழுதியும் சட்டத்தின் இடுக்குகளிற் புகும்.

ஆதலின் முகத்தைத் துடைப்பதினும் முதுகைக் காப்பதே முதற்கடன். சட்டத்தின் கீழ்மூலைகள் இரண்டிலும் தக்கைத் துண்டு ஒட்டினால், சுவருக்கும் படத்துக்குமிடையே காற்று உலாவும். படம் கண்ணாடியைத் தொடலாகாது. நடுவே வெட்டிய தடித்த அட்டையொன்று இடையில் இருத்தல் வேண்டும். பின்னே வைக்கும் மலிவான அட்டையின் அமிலம் தாளைப் பழுப்பாக்கும். அமிலமற்ற அட்டையே உகந்தது. இரும்பாணி துருவேறி அறும்; பித்தளை ஆணி நிலைக்கும். கண்ணாடியில் நீர் தெளித்துத் துடைப்பது நம்மவர் பழக்கம். அந்நீர் விளிம்பு வழியே உள்ளிறங்கிவிடும். சற்றே ஈரமான துணி போதும். விளக்கையும் படத்துக்கு நேர்கீழே வையாது ஒரு முழம் தள்ளி வைக்கலாம், அம்பாள் கோபிக்கமாட்டாள்.

நெடுந்தீவுக்குத் தம் ஊராகிய டெல்ப்டின் பெயரைச் சூட்டியவர் ஒல்லாந்தர். அந்நகரை 1660ஐ ஒட்டி வெர்மீர் தீட்டிய ஓவியத்தை ஹேக் நகரக் காட்சிச்சாலையில் இன்றும் காணலாம். நம் தீவுகளில் நிலைமை வேறு. 1990இல் போரினால் மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தபோது, சுவரோடு விட்டுச்சென்ற படங்கள் பல மீளவில்லை. கையோடு கொண்டுசென்ற ஒரு படமே, சில குடும்பங்களில் பாட்டியின் முகத்துக்கு எஞ்சிய ஒரே சான்று.

அத்தகைய படம் கண்ணாடியோடு ஒட்டிவிட்டதாயின் உரிக்க முயலவே கூடாது. முகம் கண்ணாடியோடு பெயர்ந்து வந்துவிடும். கண்ணாடியுடனேயே பக்கவாட்டு வெளிச்சத்தில் வைத்துப் பிரதி எடுத்துக்கொள்வதே நன்று. பின்னட்டையிலே பெயர், ஊர், ஆண்டு எழுதிவைக்கவும் மறத்தலாகாது. ஊர்காவற்றுறையில் ஒரு வீட்டிலே, சட்டமும் கண்ணாடியும் செவ்வையாயிருந்த படமொன்றைச் சுட்டி, இவர் யார் என வினவினேன்.

“அப்புவின்ர தமையன் எண்டு சொல்லுவினம், மாஸ்ரர். பேர் தெரியாது” என்றார் வீட்டுக்காரர்.