57 அடியா, 70 அடியா?

இங்கிலாந்தின் நடுப்பகுதியில் ஆக்ஸ்ஃபோர்ட் கால்வாயும் கிராண்ட் யூனியன் கால்வாயும் சந்திக்கும் ஊர் பிரான்ஸ்டன். இங்குள்ள படகுத்துறையில், குடியிருக்கத் தகுந்த நேரோபோட்டுகள் எனும் ஒடுக்கமான கால்வாய்ப் படகுகள் விற்பனைக்கு நிற்கின்றன. வாடகை வீட்டை விட்டுவிட்டு மனைவியோடு படகிலேயே வாழத் தீர்மானித்த நண்பர் என்னையும் கூட்டிப் போயிருந்தார்.

முதலில் ஏறியது 70 அடிப் படகு. உள்ளே அகலம் ஏறத்தாழ ஆறு அடி. நடைவழி விட்டால் கட்டிலுக்கு நான்கடிதான் மிச்சம். ஆனாலும் தனிப் படுக்கையறை, எழுதும் மேசை, கரி எரிக்கும் இரும்பு அடுப்பு எல்லாம் இருந்தன. "எல்லாமே அடங்கிடுதே, வேற என்ன வேணும்?" என்றார். அடுத்தது 12 அடி அகலப் படகு. சோபாவைச் சுற்றி நடக்கலாம், அவ்வளவு தாராளம்.

விலை பேசுமுன் அவரை லாக் வரை நடத்திப் போனேன். படகை நீர்மட்டத்தோடு ஏற்றி இறக்கும் அந்தக் கதவுத் தொட்டிதான் அளவைத் தீர்மானிக்கிறது. பிரான்ஸ்டனின் ஆறு லாக்குகளும் அகலமானவை, இரண்டு நேரோபோட்டுகள் ஒட்டி நிற்கலாம். வடக்கே ஹில்மார்ட்டனிலோ, ஆக்ஸ்ஃபோர்ட் போகும் வழியில் நேப்டனிலோ வெறும் ஏழடி. ஜேம்ஸ் பிரிண்ட்லி 18ஆம் நூற்றாண்டில் வகுத்துவிட்டுப் போன அளவு அது. 12 அடி அகலப் படகுக்கு அங்கே வழியே கிடையாது.

நீளத்துக்கும் தடை உண்டு. லீட்ஸ்–லிவர்பூல் கால்வாயில் பெரும்பாலான லாக்குகள் சுமார் 62 அடி. யார்க்ஷயரின் கால்டர்–ஹெபிள் கால்வாயில் 57 அடிக்குச் சற்றே மேல். 57 அடிப் படகு நாட்டில் ஏறக்குறைய எங்கும் போகும் என்று படகுக்காரர்கள் சொல்வது இதனால்தான். 70 அடிப் படகைத் திருப்புவதற்கும் எல்லா இடமும் போதாது.

நண்பருக்கு நிலையான நிறுத்துமிடம் இல்லை. 1995ஆம் ஆண்டுச் சட்டப்படி, அப்படிப்பட்டவர்கள் பொதுவாக ஓரிடத்தில் 14 நாளுக்கு மேல் நிற்கக் கூடாது. நகர்ந்துகொண்டே இருக்கவேண்டியவருக்கு ஓர் அறை கூடுதலாகக் கிடைப்பதைவிடப் போக்கிடம் கூடுதலாகக் கிடைப்பதே பெரிது.

57 அடிப் படகு ஒன்றில் ஏறினோம். திறந்த பின்தளம் விசாலம், கோடைக்கு அருமை. முன்தளத்தையும் சேர்த்தால் பத்தடிக்கு மேல் வெளியிலேயே போய்விடுகிறது. விளம்பரத்தில் போடும் நீளம் முழுப் படகின் நீளம். அறைப்பகுதியை டேப் வைத்து நாமேதான் அளக்க வேண்டும்.

இதே நீளத்தில் ஒரு படகைக் குளிர்காலத்தில் ஒரு வாரம் வாடகைக்கு எடுத்துத் தங்கிப் பார்க்கச் சொன்னேன். ஈரத்துணி எங்கே காயும், கரி மூட்டை எங்கே இருக்கும், ஒருவர் சமைக்கும்போது மற்றவர் எப்படிக் கடந்து போவார் என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும்.