விளக்கும் பள்ளமும்

சிலப்பதிகாரத்தின் கடலாடு காதையில் புகார்க் கடற்கரையின் இரவொன்று வருகிறது. வண்ணமும் சாந்தும் மலரும் விற்போர் வைத்த விளக்குகள், பிட்டு விற்போர் விளக்குகள், அப்பம் விற்போர் விளக்குகள், மீன் விற்போர் விளக்குகள், மீன்படகுகளின் விளக்குகள், வேற்றுமொழி வணிகரின் அணையா விளக்குகள், பண்டம் காப்போர் விளக்குகள் என்று இளங்கோ அடுக்கிக்கொண்டே போகிறார். மணலில் வெண்சிறுகடுகு விழுந்தாலும் கண்டெடுக்கலாம் என்னும் அளவுக்கு வெளிச்சம். ஆனால் அந்தப் பட்டியலில் அநேகமாக ஒவ்வொரு விளக்குக்கும் ஓர் உடைமையாளர் இருக்கிறார். அவரவர் பிழைப்புக்கு அவரவர் எண்ணெய். பொதுவிளக்கு என்று சொல்லத்தக்கது கலங்கரை விளக்கு ஒன்றே. அதுவும் கடலில் வருபவர்க்கு. தெருவில் நடப்பவர்க்கென்று, ஒருவருக்கும் சொந்தமில்லாமல் எல்லாருக்கும் எரியும் விளக்கு மிகப் பின்னால் வந்த ஒரு கருத்து. அந்தக் கருத்தை எங்கள் தெருவுக்குக் கொண்டுவர எங்களுக்கு எட்டு மாதங்கள் ஆயின.

எங்களுடையது ஊரின் விளிம்பில் உள்ள மனைப்பிரிவு. பத்தொன்பது வீடுகள். வீட்டு இணைப்புக்கான மின்கம்பங்கள் உண்டு, அவற்றில் விளக்கில்லை. பேருந்து நிறுத்தத்திலிருந்து தெரு தொடங்கும் இடம்வரை கம்பமும் இல்லை. மாலைக் கல்லூரி முடிந்து வரும் பெண்பிள்ளைகள் கைப்பேசி வெளிச்சத்தில்தான் அந்த இருநூறு அடியைக் கடப்பார்கள்.

ஆடி மாதத்தில் மனு எழுதினோம். மனுவின் மொழி தனி இலக்கணம் உடையது. பெறுநர், அனுப்புநர், பொருள், பார்வை. இறுதியில் ‘ஆவன செய்யுமாறு’. அதில் ‘நான்’ எடுபடாது. ‘கீழே கையொப்பமிட்டுள்ள நாங்கள்’ என்று தொடங்கினால்தான் தாளுக்கு ஓர் எடை வருகிறது. பத்தொன்பது வீட்டிலும் கையொப்பம் வாங்கினோம். மூன்று ஆண்டுகளாகப் பேசாதிருந்த இரு வீட்டார் அந்தத் தாளில் அடுத்தடுத்து ஒப்பமிட்டார்கள்.

தெருவிளக்கு என்பது யாரும் போடும் பிச்சை அன்று. 1992இல் நிறைவேறிய எழுபத்து நான்காவது அரசியலமைப்புத் திருத்தம் பன்னிரண்டாவது அட்டவணையைச் சேர்த்தது. உள்ளாட்சிக்கு ஒப்படைக்கத்தக்க பதினெட்டுப் பொருள்கள் அதில் உள்ளன. பதினேழாவதில் தெருவிளக்கு பெயர் சொல்லியே குறிக்கப்பட்டிருக்கிறது. இதையும் மனுவில் எழுதினோம். எழுத்தர் அந்த வரியை இருமுறை படித்துவிட்டு, “இதெல்லாம் சரிதான் சார். எஸ்டிமேட் வரணும், மன்றத்துல தீர்மானம் ஆகணும்” என்றார். அவர் சொன்னதும் சரிதான். வெளிச்சத்துக்கு உரிமை அட்டவணையில் இருக்கிறது. வழி மேசைகளுக்கிடையே இருக்கிறது.

வழி இப்படி. இருக்கும் கம்பங்களில் விளக்குக்கெனத் தனிக் கம்பி இழுக்க மின்பிரிவின் மதிப்பீடு வேண்டும். புதுக் கம்பங்களுக்கு மின்சாரம் பெருஞ்சாலையின் மறுபுறத்திலிருந்து வரவேண்டும். மேலே மரங்கள், ஆகவே சாலைக்குக் கீழே புதைவடம். சாலையோ நகராட்சியுடையதன்று, நெடுஞ்சாலைத் துறையுடையது. எனவே சாலைவெட்டு அனுமதி அங்கே. வெட்டும் நீளத்தையும், தாரா, கான்கிரீட்டா, மண்ணா என்பதையும் பொறுத்துச் சீரமைப்புக் கட்டணம் முன்னதாகக் கட்டவேண்டும். மழைக்காலம் முடியும்வரை எவருக்கும் வெட்ட அனுமதியில்லை. “விளக்குக்கு ஒரு ஃபைல், குழிக்கு ஒரு ஃபைல் சார். ரெண்டும் ஒரே மேசைக்கு வராது” என்று ஒருவர் விளக்கினார்.

இந்த இடைவெளியில்தான் டீச்சர் விழுந்தார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியை, தெருவில் எல்லாருக்கும் டீச்சர். மழைக்கு முன்பே அனுமதி பெற்று, எங்கள் தெருமுனையில் குடிநீர்க் குழாய்க்கு எவரோ தோண்டிய பள்ளம் மூடப்படாமல் கிடந்தது. ஐப்பசி மழையில் நீர் நிறைந்து, இருட்டில் அது தரைபோலவே தெரிந்தது. தொடை எலும்பு முறிந்தது. மருத்துவமனையில் அவர் கேட்ட முதல் கேள்வி, “வேற யாரும் விழறதுக்கு முன்னாடி மூடியாச்சா?”

தகவல் பெறும் உரிமைச் சட்டத்தின்கீழ், பத்து ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டி, அந்தப் பள்ளத்தின் அனுமதி நகலைக் கேட்டோம். முப்பது நாள் கெடுவுக்குள் வந்தது. இரண்டு பக்கம். பள்ளத்தைச் சுற்றித் தடுப்பு வைக்கவேண்டும். இரவில் சிவப்பு விளக்கு எரியவேண்டும். பணி முடிந்ததும் மண்ணிட்டுத் திணித்து மூடவேண்டும். எல்லாம் எண்ணிட்டு எழுதப்பட்டிருந்தன. எழுதியவர் யாரோ, நடப்பவரின் காலை நினைத்து எழுதியிருக்கிறார். அந்தத் தாள் கோப்பில் பத்திரமாக இருந்தது. பள்ளத்தருகே ஒரு கயிறுகூட இல்லை.

அதுவரை அனுமதி என்றாலே எங்களுக்கு இழுத்தடிப்பு என்பதுதான் பொருள். அந்த நகலைப் படித்தபின் அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. அனுமதிக்குத் தமிழில் இசைவு என்றொரு சொல் உண்டு. இசைதல் என்றால் ஒத்துப்போதல், பொருந்துதல். சாலையின் அடியில் குடிநீர்க் குழாய் ஒருவருடையது, தொலைபேசி வடம் வேறொருவருடையது. மேலே நடப்பவர் இன்னொருவர். தோண்டுகிறவர் இத்தனை பேரோடும் இசைந்து தோண்டவேண்டும் என்பதே அந்தத் தாளின் உட்பொருள். அலுவலகம் தந்தது அனுமதி; தோண்டியவர் எடுத்துக்கொண்டதும் அனுமதி மட்டுமே. இசைவு இருவர் கையிலும் இல்லை.

தை பிறந்தபின் எங்கள் அனுமதி வந்தது. அதே இரண்டு பக்கம், அதே நிபந்தனைகள். இம்முறை நகலைப் பெற்று ஒப்பந்தக்காரரிடமும் தெருவிலும் படித்துக் காட்டினோம். மாசியில் ஓர் இரவு சாலை வெட்டினார்கள். புதைவடம் இட்டு மூட மறுநாளும் ஆயிற்று. இரண்டு இரவும் முறைவைத்துக் காவல் இருந்தோம். மூங்கில் கழிகளை நட்டுக் கயிறு கட்டி, மின்னேற்று விளக்கொன்றில் சிவப்புத் தாள் சுற்றித் தொங்கவிட்டோம். நள்ளிரவில் மிதிவண்டியில் வந்த பால்காரர் இறங்கி நின்று, ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார். நிபந்தனை எண் நான்கு நடந்தேறியதை அப்போது கண்ணால் கண்டோம். திண்ணையில் நடைதாங்கியோடு உட்கார்ந்திருந்த டீச்சர் இரண்டு முறை குரல் கொடுத்துக் கேட்டார், விளக்கு எரிகிறதா என்று.

இப்போது தெருவில் ஒன்பது விளக்குகள் எரிகின்றன. கடுகைக் கண்டெடுக்க முடியாது. எதிரே வருபவரின் முகம் தெரிகிறது. வெட்டிய இடத்தில் மட்டும் தார் இன்னும் போடவில்லை. சீரமைப்புக் கட்டணம் கட்டிய ரசீது கையில் இருக்கிறது. அதை இணைத்து அடுத்த மனு தயாராகிவிட்டது. கீழே கையொப்பமிட்டுள்ள எங்களில் முதல் ஒப்பம் டீச்சருடையது.