கத்திக்கு ஓர் உறை

தீட்டிய கத்திக்கு உறை அவசியம். விளிம்பையும் காக்கும், அதை எடுக்கப்போகும் விரலையும் காக்கும். பனையேறிகள் இதை நன்றாக அறிந்தவர்கள். ஏறும்போது இரண்டு கையும் மரத்துக்கு வேண்டும் என்பதால் பாளை அருவாளை அருவாப்பெட்டியில் வைத்து இடுப்பில் கட்டிக்கொண்டார்கள். எங்கள் சேக்காட்டுப் பக்கம் இளநீர் வெட்டுகிறவர்களும் தோட்ட வேலைக்குப் போகிறவர்களும் கத்தியைச் சாக்கில் சுற்றி வண்டியில் செருகிப் போவதைப் பார்த்துத்தான் நான் உறை செய்யத் தொடங்கினேன்.

வெளிநாடுகளில் இதற்குக் கைடெக்ஸ் தகடு வாங்குவார்கள். அக்ரிலிக்கும் பிவிசியும் கலந்த அந்தத் தகடு, 1965-இல் விமானங்களின் உட்புறத்துக்காக வந்தது. எனக்கு ஹார்டுவேர் கடை பிவிசி பைப்பே போதும். 75 மி.மீ. பைப்பை நீளவாக்கில் அறுத்து விரித்தால் சுமார் 235 மி.மீ. அகலம் கிடைக்கும். சமையலறைக் கத்திக்கு அது தாராளம்.

முதலில் கத்திக்கு மாஸ்கிங் டேப் சுற்ற வேண்டும். விளிம்பின் மேல் மட்டும் இன்னும் இரண்டு அடுக்கு. அந்த டேப்பின் கனம்தான் பின்னால் கத்தி உரசாமல் போய்வரும் இடைவெளி.

பிவிசி 80 டிகிரியை ஒட்டி இளகத் தொடங்கும். ஹீட் கன்னை ஓரிடத்தில் நிறுத்தாமல் ஓட்டிக்கொண்டே இருக்க வேண்டும். தணலில் வாட்டிய வாழையிலை மாதிரி, மடித்தால் விரிசல் விடாமல் வளைகிற நிலைதான் பதம். பழுப்பேறினால் பதம் தப்பிவிட்டது. அதிலிருந்து ஹைட்ரஜன் குளோரைடு புகை வரும், நுரையீரலுக்குக் கெடுதல். ஆகவே இந்த வேலைக்கு மொட்டைமாடிதான் சரி.

இளகிய தகட்டைக் கத்தியின் முதுகுப் பக்கம் மடித்து, ஸ்பாஞ்ச் ஒட்டிய இரண்டு பலகைகளுக்கு நடுவே வைத்து, சி-கிளாம்பால் இறுக்குவேன். பைப்பாக உருவாக்கப்பட்ட பிவிசி, சூடு இருக்கும்வரை பழைய வளைவுக்கே திரும்பப் பார்க்கும். முழுக்க ஆறும்வரை கிளாம்பைத் தொடக்கூடாது. பிறகு விளிம்புப் பக்கம் ரிவிட் அடித்து, ஓரங்களை எம்ரி தாளால் தேய்த்து, நுனியில் தண்ணீர் வடிய ஒரு துளை போட வேண்டும். துளை இல்லாத உறைக்குள் இரும்பு துருப்பிடிக்கும்.

இத்தனையிலும் உயிரான இடம் உறையின் வாய். உறை கத்தியை முழுக்கக் கவ்வினால், உருவும்போதெல்லாம் விளிம்பு தேயும். அலகு கைப்பிடியைச் சேரும் இடத்தில் மட்டும், தகடு இளக்கமாக இருக்கும்போதே கையுறை போட்ட கட்டை விரலால் அழுத்திவிட்டால், பிடிப்பு அங்கே உட்காரும். மற்ற இடமெல்லாம் கத்திக்குச் சுதந்திரம் வேண்டும்.

வெயிலில் பூட்டிய காருக்குள் இந்த உறையைப் போட்டு வைக்காதீர்கள், பிடிப்பு தளரும். தலைகீழாகப் பிடித்து உதறினாலும் கத்தி விழக்கூடாது, ஓர் இழுப்பில் வர வேண்டும். இரண்டும் சேர்ந்து அமைந்தால்தான் அது உறை.